காற்று கேட்கும் கேள்வி

அமெரிக்க விமானச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒருவர் தம் வீட்டுப் பட்டறையில் விமானம் ஒன்றைக் கட்டி முடித்து, அதைப் பறக்கவிட அனுமதி கேட்டால், அந்த வரி அவரிடம் இரண்டு விஷயங்களை விசாரிக்கிறது. வேலையின் பெரும்பகுதியை நீயே செய்தாயா? எதற்காகச் செய்தாய்? முதல் கேள்விக்கு ஆம் என்றும், இரண்டாவதற்கு என் சொந்தக் கல்விக்காகவோ மனமகிழ்ச்சிக்காகவோ மட்டுமே என்றும் அவர் உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

குற்ற வழக்குகளில் நோக்கத்தை விசாரிப்பது உண்டு. ஆனால் வீடு கட்டியவரிடமோ கட்டில் செய்தவரிடமோ, உன் உள்ளத்தில் என்ன இருந்தது என்று எந்த அலுவலகமும் கேட்பதில்லை. ஒழுகுகிறதா, ஆடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே மட்டும் ஓர் அரசாங்கம், கற்றுக்கொள்வதற்காக ஒரு மனிதன் பல ஆண்டுகளைச் செலவிடலாம் என்பதை நம்பி, அதற்கென ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கட்டுபவர்கள் இதை ‘51 சதவீத விதி’ என்பார்கள். பாதிக்கு மேல் உன் கை பட்டிருக்க வேண்டும் என்னும் கணக்கு அவர்களுக்கு முக்கியம். எனக்கு அந்த விதியின் இன்னொரு முனைதான், கல்விக்காக என்ற முனைதான், வெகுநாள் மனத்தில் கிடந்தது.

அந்த வாசல் தானாகத் திறந்ததில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டுகளில் வீட்டில் கட்டிய விமானங்களுக்கு நடுவண் அரசின் விதிகளில் இடமே இல்லை. 1947இல் ஓரிகான் மாநிலத்து ஜார்ஜ் போகார்டஸ் என்பவர் ‘லிட்டில் ஜீ பீ’ என்ற சிறு விமானத்தில் ஏறி, நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை பறந்து போய் அதிகாரிகளைப் பார்த்தார். பின்னும் இருமுறை போனார். அவர் வாதாடிய விஷயத்தை அவரைச் சுமந்து வந்த பொருளே பாதி நிரூபித்துவிட்டது. சில ஆண்டுகளில் விதி மாறியது. 1953இல் விஸ்கான்சினில் பால் போபரெஸ்னி, தம்மைப் போன்றவர்களைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் ஆஷ்காஷ் நகரத்தில் அந்தச் சங்கத்தார் கூடுவது இன்று உலகறிந்த திருவிழா. அதே ஓரிகானில் 1973இல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய நிறுவனம் ‘ஆர்வி’ என்ற வரிசையில் உதிரிப்பாகத் தொகுப்புகளை விற்றுவருகிறது. வீட்டுக் கராஜ்களில் உருவாகிப் பறந்துவிட்ட ஆர்வி விமானங்கள் 10,000ஐத் தாண்டிவிட்டன.

தொகுப்பு என்றால் ஒரே பெட்டியில் ஒரு விமானம் வந்து இறங்காது. முதலில் வருவது வால். பழுப்புக் காகிதம் சுற்றிய தகடுகள், மடித்து வளைத்த விலாக்கள், சிறு சிறு பைகளில் ரிவெட்டுகள், ஒரு வரைபடக் கட்டு. அன்றைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டும் வந்திருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் வேலை. பறக்கும் ஆசையோடு பெட்டியைத் திறந்தவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ரிவெட் எண்ணுகிறார். ஆசை அங்கேயே கொஞ்சம் தணிந்து, வேலையின் வேகத்துக்கு இறங்கி வருகிறது. வால் முதலில் வருவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. விலை குறைவு, கெட்டுப்போனால் இழப்பும் குறைவு, பின்னால் இறக்கையிலும் உடலிலும் தேவைப்படும் வேலை வகைகளில் அநேகம் அதிலேயே அடங்கிவிடுகின்றன. நமக்கு இது ஒத்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு விலகிவிடவும் வழி இருக்கிறது. சிலர் விலகுகிறார்கள்.

அடுத்து வருவதுதான் இந்தத் தொழிலின் நித்திய கர்மம். துளைகளின் பிசிறு நீக்குவது.

தகட்டில் துளை போட்டால் விளிம்பில் உலோகம் மெல்லிய முடிபோல் எழுந்து நிற்கும். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. விரல் நுனியால் தடவினால் ஒரு சிறு முரடு தட்டுப்படும். சிறிய வெட்டுக் கருவியைத் துளையில் வைத்து இரண்டு சுற்று லேசாகத் திருப்பினால் பிசிறு போய்விடும். கொஞ்சம் அதிகம் அழுத்தினால் துளையின் விளிம்பே தேய்ந்துவிடும். இப்படி ஒவ்வொரு துளைக்கும், தகட்டின் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும். இறக்கையும் உடலும் முடிவதற்குள் அடிக்கும் ரிவெட்டுகளே பத்தாயிரத்துக்கும் மேல் ஆகும். ஒவ்வொரு ரிவெட்டும் குறைந்தது இரண்டு தகடுகளைச் சேர்க்கிறது. கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம். அரிசியில் கல் பொறுக்குகிற கையைப் போல, சில வாரங்களில் விரல் கண்ணை முந்திக்கொள்ளும்.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும்? இன்றைக்கு ஒன்றும் ஆகாது. விமானம் பறக்கும், பளபளப்பாகவும் இருக்கும். அலுமினியத்தின் குணம் அப்படி. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே நீங்கள் எத்தனை லட்சம் முறை அதை வளைத்து விட்டாலும் அது களைப்பதில்லை. அலுமினியக் கலவைகளுக்கு அப்படித் திட்டமான எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும், ஒவ்வொரு திருப்பமும், தரை தட்டும் ஒவ்வொரு முறையும் அதன் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பிசிறு உள்ள விளிம்பில் அந்தக் கணக்கு சீக்கிரம் நிரம்பி, அங்கிருந்து ஒரு மயிரிழை விரிசல் கிளம்பும். 1954இல் இங்கிலாந்தின் இரண்டு ‘காமெட்’ ஜெட் விமானங்கள் மூன்று மாத இடைவெளியில் மத்தியதரைக் கடல்மேல் உடைந்து விழுந்தன. உலகத்தின் முதல் ஜெட் பயணிகள் விமானம் அது. கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளையும், தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு காமெட்டை மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்த சோதனையையும் வைத்து ஆராய்ந்தவர்கள் வந்து சேர்ந்த இடம், உலோகம் களைத்துப்போனது என்பது. தகட்டில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில், ரிவெட் துளைகளை ஒட்டி, விரிசல் தொடங்கியிருந்தது.

கராஜில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் தெரியும். அவர் துடைத்துக்கொண்டிருக்கும் துளை நாளைக்கு ரிவெட்டின் தலைக்கு அடியில் போய்விடும். அதன்மேல் வண்ணம் ஏறும். அதைப் பார்க்க யாராலும் முடியாது, அவராலும் முடியாது. இரவு ஒன்பதரை மணிக்கு, முன்னூறாவது துளையில், அதைச் செய்யவும் செய்யாமல் விடவும் அவருக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது. சாட்சி அவர் மட்டும். கோயிலுக்குள் சந்நிதியின் முன்னால் கைகூப்பி நிற்பது ஒப்பீட்டளவில் எளிது என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே விளக்கு இருக்கிறது, மணி இருக்கிறது, பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பூசலார் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. திருநின்றவூரில் சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசைப்பட்டு, பொருள் தேடி அலைந்து, எங்கும் கிடைக்காமல், கடைசியில் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில் இவரும் நாள் குறித்திருக்க, இறைவன் அரசனின் கனவில் தோன்றி, நாளை நான் பூசலின் ஆலயத்துக்குப் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்றான். இந்தக் கதையை நாம் எப்போதும் எண்ணத்தின் வெற்றியாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பணம் வேண்டாம், கல் வேண்டாம், மனம் இருந்தால் போதும் என்று.

சேக்கிழார் சொல்லும் விவரங்களைக் கவனித்தால் கதை சற்று வேறு மாதிரி இருக்கிறது. கோயில் முழுவதையும் ஒரு நொடியில் கண்மூடி நினைத்துவிட அவருக்கு என்ன தடை? மனம்தானே, சிகரம் வைத்தே தொடங்கியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பொருளை மனத்தில் சேர்க்கிறார். தச்சர்களைத் தேடுகிறார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார். இரவெல்லாம் உறங்காமல் வேலை பார்க்கிறார். அடியிலிருந்து வரிசை வரிசையாக எழுப்பி, சிகரம் ஏற்றி, தூபி நட்டு, சுதை வேலை முடித்து, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளமும் தோண்டுகிறார். யாரும் இறைக்கப்போகாத கிணறு. யாரும் கால் நனைக்காத குளம். அதையும் விடவில்லை. நல்லெண்ணம் இருக்கிறதே என்று அவர் ஒரு கல்லைக்கூடத் தாண்டிப் போகவில்லை. அந்த எண்ணத்துக்குள்ளேயே வேலைப்பாடு இருந்தது. இறைவன் போய்க் குடியேறியது அப்படிக் கட்டிய கோயிலில்.

சட்டம் எதற்காகக் கட்டினாய் என்று கேட்கிறது. காற்று அதைக் கேட்பதில்லை. எப்படிக் கட்டினாய் என்று மட்டுமே அதற்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டு கேள்விகளும் தனித்தனி என்றுதான் நான் முதலில் வாசித்தபோது எண்ணினேன். பூசலாரின் கிணற்றை யோசித்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ரிவெட் அடிக்கும் வேலைக்கு வருவோம். இறக்கைத் தகட்டில் அடிக்க இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் காற்றழுத்தச் சுத்தியலைப் பிடித்திருப்பார். உள்ளே, விலாக்களுக்கு இடையில் கையை நுழைத்து, இன்னொருவர் கனமான எஃகுக் கட்டை ஒன்றை ரிவெட்டின் வாலுக்கு நேராகத் தாங்கியிருப்பார். வெளியே அடிக்க அடிக்க, உள்ளே வால் நசுங்கித் தட்டையாகி இன்னொரு தலையாக விரியும். அப்படி விரிந்த தலையின் அகலம் ரிவெட் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் தகடு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. சுத்தியலின் இரைச்சலுக்காகக் காதை மூடியிருப்பார்கள். கட்டை வந்து சேர்வதற்கு முன் சுத்தியல் முந்தினால் தகடு குழிந்துவிடும். சுத்தியல் வழுக்கினால் தலைக்குப் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு வடு விழும். அந்த வடுவுக்குக் கட்டுபவர்கள் புன்னகை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தங்கள் மேலேயே சிரித்துக்கொள்ளத் தெரிந்த கூட்டம்.

அநேக வீடுகளில் கட்டை பிடிப்பவர் மனைவி, அல்லது கை சிறியதாக இருப்பதால் மகள். நல்ல தலை விழுந்ததா என்று உள்ளே இருப்பவருக்கே தெரியும். அடித்தவர் அவர் வார்த்தையை நம்பித்தான் அடுத்த துளைக்கு நகர வேண்டும். இரண்டு மணி நேரம் இப்படி வேலை செய்தவர்களின் மூச்சு ஒரே தாளத்துக்கு வந்துவிடும் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். கூட்டு வழிபாட்டில் உட்கார்ந்து பழகியவர்கள் நம்புவார்கள்.

சில ரிவெட்டுகள் சரியாக விழாது. சற்றே சாய்ந்து மடங்கும், அல்லது ஒரு மயிரளவு அதிகமாக நசுங்கிவிடும். புதிதாகக் கட்டுபவரின் முதல் உந்துதல் அதை உடனே துளைத்து எடுத்துவிட்டு வேறொன்று அடிப்பது. இங்கே அனுபவசாலிகள் தரும் யோசனை, நான் எந்த ஆன்மிக நூலிலும் இவ்வளவு துலக்கமாகப் பார்க்காதது. பொறு. அளவு கருவியை வைத்துப் பார். ஒத்துக்கொள்ளக்கூடிய வரம்புக்குள் இருக்கிறதா? இருந்தால் விட்டுவிடு. துளைத்து எடுக்கும்போது டிரில் ஒரு பக்கம் இழுத்தால் துளை நீள்வட்டமாகும். அடுத்த ரிவெட் அதைவிட மோசமாக விழும். அதையும் எடுத்தால் துளை இன்னும் பெரிதாகும். ஒரு சிறு குறை, திருத்தும் ஆவேசத்தால் பெரிய குறையாக வளரும். வரம்புக்கு வெளியே இருந்தால் மட்டும் எடு. அதையும் இன்றைக்கு வேண்டாம், நாளைக் காலையில் நிதானமாக எடு.

பிசிறு விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இருந்தவர்கள் இங்கே இவ்வளவு தளர்வாக இருக்கிறார்களே என்று தோன்றும். இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. பிசிறை நீக்குபவர் உலோகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாய்ந்த ரிவெட்டைப் பொறுக்க முடியாமல் பிடுங்குபவர் பெரும்பாலும் தம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என் இறக்கையில் இப்படி ஒன்றா என்று. உலோகத்துக்கு அந்த ரிவெட் போதும். அகங்காரத்துக்குத்தான் போதவில்லை. சாதனை செய்யும் நம் ஆட்களிடமும் இந்த நோயைப் பார்க்கலாம். விடியற்காலைத் தியானத்தில் ஒருநாள் மனம் அலைந்துவிட்டது என்று அன்று முழுவதும் தம்மையே குத்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் குத்தலில் துளை பெரிதாவதுதான் மிச்சம்.

நேரத்தோடு இவர்களுக்கு இருக்கும் உறவும் வேறு வகையானது. இருவர் அமரும் ஆர்வி ஒன்றுக்கு 1,500 முதல் 2,000 மணி நேர உழைப்பு என்பது சாதாரணக் கணக்கு. அதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். வேலைக்குப் போய்க்கொண்டு, குழந்தைகளை வளர்த்துக்கொண்டு செய்தால் அது ஐந்து ஆண்டு, எட்டு ஆண்டு, பத்து ஆண்டு. கார் மழையில் வெளியே நிற்க, கராஜில் இறக்கைகள் தொங்கும். இடையில் யாராவது நோயில் விழுவார்கள், வீடு மாறும், பணம் தட்டும். தினமும் ஏதாவது ஒன்றைச் செய் என்பது அவர்களுக்குள் புழங்கும் அறிவுரை. பத்து நிமிடம் கிடைத்தால் ஒரு விலாவின் ஓரத்தை அரத்தால் தேய். ஒன்றுமே முடியாத நாளில் வரைபடத்தையாவது பார். அதே ஆட்கள் களைப்பாக இருக்கும் இரவில் டிரில்லைத் தொடாதே என்றும் சொல்வார்கள். தவறான இடத்தில் துளை விழுவது அநேகமாக அப்படிப்பட்ட இரவில்தான், இந்த ஒரு பகுதியை மட்டும் முடித்துவிடுவோம் என்கிற போதுதான்.

தொடங்கியவர்களில் நிறையப் பேர் முடிப்பதில்லை. பாதி இறக்கை, முடிந்த வால், பிரிக்காத பெட்டிகள் என்று விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும். வாங்குபவர் முதலில் செய்வது முந்தையவரின் வேலையை ஒவ்வொரு ரிவெட்டாகச் சோதிப்பது. அப்போது அவர் முகம் தெரியாத ஒருவரின் மனநிலைகளைப் படிக்கிறார். இந்த வரிசை அவசரத்தில் அடித்தது, இது பொறுமையாக அடித்தது என்று தெரிந்துவிடும். முடிக்காதவர் தோற்றுப்போனவர் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்விக்காக என்று சட்டம் சொல்லியிருக்கும்போது, பாதியில் நின்ற கல்வியும் கல்விதானே.

எண்ணம் நல்லதாக இருந்தும் காற்று ஒத்துக்கொள்ளாத கதைகளையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1930களில் பிரான்சில் ஆன்றி மின்யே என்பவர், சாதாரண மனிதனும் தன் கையால் கட்டிப் பறக்க வேண்டும் என்ற பெருங்கனவோடு ‘வானத்துப் பேன்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு குட்டி விமானத்தை வடிவமைத்து, கட்டும் முறையைப் புத்தகமாகவும் எழுதினார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் மக்கள் அள்ளிக்கொண்டார்கள். சிலர் விழுந்து இறந்தார்கள். காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோதுதான், முன்னும் பின்னுமாக நின்ற இரண்டு இறக்கைகளும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, செங்குத்தான இறக்கத்திலிருந்து மீள முடியாதபடி செய்வது தெரிந்தது. பின்னால் திருத்தினார்கள். மின்யேயின் உள்ளத்தில் மாசு இல்லை.

1997 அக்டோபர் 12இல் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்ததும் இந்த வகை. அவர் ஓட்டியது ‘லாங் ஈசி’ என்ற, வீட்டில் கட்டும் விமானம். அதை அண்மையில்தான், பிறர் பயன்படுத்திய விமானமாக வாங்கியிருந்தார். கட்டியவர் வேறொருவர். ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு எரிபொருளை மாற்றும் திருகை, வரைபடத்தில் சொன்ன இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் குழாய் விமானியின் அறைக்குள் வர வேண்டாம் என்ற முன்ஜாக்கிரதையில் செய்தது. அதைத் திருப்ப வேண்டுமானால் உடம்பை முறுக்கிப் பின்னால் எட்ட வேண்டும். அப்படி எட்டும்போது கால் தன்னை அறியாமல் வலது மிதியை அழுத்தியிருக்கும் என்பது விசாரணையின் முடிவு. பாதுகாப்பை நினைத்துச் செய்த ஒரு மாற்றம், கட்டியவர் கண்டிராத ஒரு நாளில், கட்டியவர் அறியாத ஒருவர் உடம்பின் அளவில் வந்து முட்டியது. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நம் செயல் நம்மை விட்டுப் போன பிறகு எத்தனை தூரம் போகிறது என்பது என்னைக் கலங்க வைக்கிறது.

அதனால்தான் சங்கத்தில் அனுபவம் உள்ளவர்கள் சிலர் கூலி வாங்காமல் கராஜ் கராஜாகப் போய்ப் பார்த்துவருகிறார்கள். மூடுவதற்கு முன் கூப்பிடு என்பது அவர்கள் வேண்டுகோள். இறக்கையின் கடைசித் தகட்டை மூடிவிட்டால் உள்ளே பார்க்க வழி இல்லை. வருபவர் கையில் சிறு கண்ணாடியும் டார்ச்சும் இருக்கும். கட்டியவர் நூறு முறை பார்த்த இடத்தில், ஒரு நட் கையால் முடுக்கியதோடு நின்றுவிட்டதை அவர் முதல் பார்வையில் பிடித்துவிடுவார். இது திறமைக் குறைவால் நேர்வதில்லை. நூறு முறை பார்த்த கண், இருப்பதைப் பார்க்காமல் இருக்க வேண்டியதைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஆறு ஆண்டுகள் தனியாகக் கட்டியதை இன்னொருவர் டார்ச்சின் முன் திறந்து வைத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் நிற்பது எளிதல்ல. குருவின் முன் நிற்பது என்று நம் மரபில் சொல்வதில் பாதி இந்தக் கூச்சம்தான் என்று நினைக்கிறேன்.

இன்ஜின் ஏறி, சுழல்விசிறி மாட்டி, மின்கம்பிகள் ஓடி, முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் வண்ண அரக்கால் ஒரு கோடு இழுக்கப்படும். நட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். பிறகு மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று தராசுகளை வைத்து எடை போடுவார்கள். இருவர் அமரும் விமானம் 500 கிலோவை ஒட்டி வரும். மொத்த எடையைவிட, அந்த எடை எந்தப் புள்ளியில் குவிகிறது என்பது பெரிய விஷயம். அது பின்னால் தள்ளிப் போய்விட்டால், எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் ஓட்ட முடியாது. ஆய்வாளர் வந்து ஏடுகளைப் பார்த்து, மூடிகளைத் திறந்து பார்த்து, சான்றிதழ் தருவார். உள்ளே ஏறும் இடத்தில், இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில், இது சோதனை வகை விமானம் என்று எழுதியிருக்க வேண்டும். இது தொழில்முறை அல்லாதவர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்னும் எச்சரிக்கைத் தகடும் பயணியின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கட்டியவர் தம் பெயருக்கு மேல் மாட்டிக்கொள்ளும் பட்டம் இது. எத்தனை நிறுவனங்கள், எத்தனை மடங்கள், இவ்வளவு நேர்மையான பலகையைத் தங்கள் வாசலில் மாட்டும்?

முதல் பறத்தலைப் பற்றி வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஒரு காவியக் கற்பனை இருக்கும். சங்கத்தின் அறிவுரை அந்தக் கற்பனையைக் கலைத்துவிடுகிறது. கட்டுவதில் மூழ்கிய ஆண்டுகளில் நீ பறப்பதை மறந்திருப்பாய். இந்த வகை விமானத்தில் இப்போது பயிற்சி எடுத்திருக்கிறாயா? இல்லையென்றால் முதல் முறை வேறொருவர் எடுத்துப் போகட்டும் என்கிறார்கள். சிலர் உண்மையாகவே சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுபாதையின் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். பத்தாண்டு காத்திருந்த பலனை, தகுதி உள்ளவர் இன்னொருவர் என்று அறிந்து, அவர் கையில் வைப்பது. கீதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறோமா?

அதற்குப் பிறகும் உடனே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போய்விட முடியாது. இன்ஜினும் விசிறியும் சான்று பெற்ற இணையாக இருந்தால் 25 மணி, இல்லாவிட்டால் 40 மணி என்பது வழக்கமான சோதனைக் காலம். ஊர்கள் நெருக்கமாக இல்லாத பரப்பின் மேல், பயணி இல்லாமல், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்று எழுதி வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். எந்த வேகத்தில் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கிறது, எந்த வேகத்தில் நன்றாக ஏறுகிறது, முழு எடையில் எப்படி நடந்துகொள்கிறது. இறங்கியதும் மேல்மூடியைக் கழற்றி, எண்ணெய் கசிந்திருக்கிறதா, கோடு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டியபோது உலோகத்தைக் கவனித்த அதே கவனம் இப்போது காற்றுக்கு நடுவில் உட்கார்ந்து தொடர்கிறது. பயம் இருக்குமா என்றால் இருக்கும். தாம் துடைத்த துளைகளின் மேலும் துடைக்காமல் விட்ட துளைகளின் மேலும் ஒருவர் ஏறி உட்கார்ந்திருக்கும்போது பயம் இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அந்தப் பயம் கையை நடுங்க வைக்காமல் கண்ணைத் திறந்து வைத்திருக்கும் அளவில் நிற்பதற்குத்தான் அத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன போலும்.

சட்டத்தில் இன்னொரு சிறு ஏற்பாடு இருக்கிறது. விமானத்தை முக்கியமாகக் கட்டியவர் விண்ணப்பித்தால், அந்த ஒரே ஒரு விமானத்துக்கு மட்டும், ஆண்டுக்கொருமுறை நடக்க வேண்டிய சோதனையைத் தாமே செய்து கையொப்பமிடும் உரிமை கிடைக்கும். பக்கத்து வீட்டில் அதே மாதிரி விமானம் நின்றாலும் அதற்குச் செல்லாது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் மூடிகளைக் கழற்றி, கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார். எட்டு வருடத்துக்கு முன் வரம்புக்குள் இருக்கிறது என்று விட்டுவைத்த அந்தச் சாய்ந்த ரிவெட் எங்கே என்று அவருக்கு இன்னும் தெரியும். அதைச் சுற்றி ஏதும் விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார்.

வயதாகி, கண் மங்கி, பறக்க முடியாமல் போய், அவர் அதை விற்றுவிட்டால் இந்த உரிமை வாங்கியவருக்குப் போகாது. அது கட்டியவர் பேரிலேயே இருக்கும். அதனால் சில விமானங்களின் புதிய உரிமையாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பழையவருக்குப் போன் செய்கிறார்கள், சோதனைக்கு நாள் வந்துவிட்டது, வர முடியுமா என்று. அவர் எந்த மூடியில் எத்தனை திருகு என்பதை நினைவிலிருந்தே சொல்லி, கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்.